பின்கட்டு அடுப்பு

என் மதினி ஒரு டம்ளர் காப்பி கொடுத்து என் ரேஷன் கார்டைக் கெடுத்தாள். இதை இப்போது சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் காப்பித் தூள் டப்பாவையே தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன். அதுவும் அவர்கள் காசில் வாங்கிய தூள் என்பதால் எறியவில்லை.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. போடியில் மலைக்கு ஏறுகிற ரோட்டுப் பக்கம் எங்கள் வீடு. எங்கள் வீடு என்று வாயில் வந்துவிடுகிறது, வீட்டு வரி ரசீது அண்ணன் பெயரில்தான் இருக்கிறது. அண்ணன் ஜீப் ஓட்டுகிறவர். விடியுமுன்னே ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறினால் பொழுது சாயத்தான் இறங்குவார். நான் கடைத்தெருவில் ஏலக்காய் மூட்டைகளை அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கியில் காய் பொறுக்குகிறேன். தரையில் உட்கார்ந்து, முறத்தில் கொட்டிய காயில் வெடித்ததையும் வெளுத்ததையும் ஒதுக்குகிற வேலை. உட்கார்ந்தே செய்கிற வேலைதானே என்று சொல்கிறவர்கள் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கட்டும், இடுப்பு சொல்லும் சேதி.

என்னைச் சிலமலையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கட்டியவன் தோட்ட வேலைக்கென்று மலைக்குப் போனான். போன இடத்தில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று ஊரே சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தேன். வாசலில் நின்ற மதினி ஒரு கேள்வி கேட்கவில்லை. பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "மொதல்ல சாப்புடு" என்றாள். அது நடந்து பதினோரு வருஷம் ஆகிறது. கைப்பிள்ளை இப்போது எட்டாவது படிக்கிறாள், என்னையே எதிர்த்துப் பேசுகிறாள்.

அண்ணன் வீட்டுக் கார்டில் நான்கு பேர். அண்ணன், மதினி, அவர்களுடைய இரண்டு பையன்கள். சாப்பிடுகிறவர்கள் ஆறு பேர். ரேஷன் அரிசி மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும், மீதி நாளுக்குக் கடையில் வாங்க வேண்டும். யாரும் ஒரு வார்த்தை முகம் சுளித்துச் சொன்னதில்லை. அதுதான் எனக்குத் தாங்காது. அண்ணன் கடையிலிருந்து அரிசிப் பையைச் சுமந்துகொண்டு உள்ளே வரும்போது, நான் வேண்டுமென்றே முதுகைத் திருப்பிக்கொண்டு ஏதாவது சோலி பார்ப்பேன்.

கிட்டங்கியில் என் பக்கத்தில் உட்கார்கிற ஒருத்திதான் இதைக் கிளப்பிவிட்டாள். அவளும் என்னைப் போலப் புருஷன் விட்டுப் போனவள். ஒருநாள் மடியிலிருந்து ஒரு புதுக் கார்டை எடுத்துக் காட்டினாள். "தனியா வாழுற பொம்பளைக்கும் கொடுக்குறாகக்கா. தனி அடுப்பு இருக்கணும், அம்புட்டுத்தேன். ஆளு வந்து பாப்பாக" என்றாள். அன்றைக்கு நான் பொறுக்கிய காயில் வெடித்ததும் நல்லதும் கலந்துபோய், கணக்குப்பிள்ளையிடம் திட்டு வாங்கினேன். திட்டு காதில் ஏறவில்லை. என் பெயரில் அரிசி வாங்கி, என் அடுப்பில் உலை வைத்து, என் மகளுக்கு ஒரு வேளை சோறு போட வேண்டும். அந்த ஒரு நினைப்புதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் சொன்னேன். அண்ணன் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். மதினிதான், "போட்டு வையி. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னு எங்க போனாலும் அந்த அட்டையைத்தானே கேக்குறாக" என்றாள். அவள் நினைத்தது ஒரு அட்டையை. நான் நினைத்தது அடுப்பை. இந்த வித்தியாசம் அன்றைக்கே எனக்கு விளங்கியிருந்தால் பாதிக் கூத்து நடந்திருக்காது.

முதலில் சிலமலைக் கார்டிலிருந்து என் பெயரை எடுக்க வேண்டும். அதற்கு அந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்க வேண்டுமே என்று பயந்துகொண்டு விசாரித்தால், என் பெயரையும் மகள் பெயரையும் அவர்கள் என்றைக்கோ நீக்கியிருந்தார்கள். புதிதாக வந்தவளைச் சேர்ப்பதற்காகச் செய்திருக்கிறார்கள். நீக்கிய சான்று ஒரு தாளில் கைக்கு வந்தது. அந்த மனுஷன் ஆயுளில் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது, நல்லா இருக்கட்டும்.

இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு சின்னப்பெண். கேள்வி கேட்டுக் கேட்டுத் தட்டிக்கொண்டு வந்தவள், "குடும்பத் தலைவர் பேரு?" என்றாள். நான் அண்ணன் பெயரைச் சொன்னேன்.

"அவருக்குத்தான் கார்டு இருக்குல்லக்கா. இது உங்களுக்கு. தலைவர் நீங்கதேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "தலைவரா? நானா? எலெக்‌ஷனுக்கு நிக்கப் போறேனாத்தா?" என்றேன். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஆனாலும் என் பெயரை அவள் எழுத்தெழுத்தாகத் தட்டும்போது, திரையை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

அண்ணன் வீட்டுப் பின்பக்க அறையில் நான் வாடகைக்கு இருப்பதாக ஒரு தாள் வேண்டும் என்றார்கள். அண்ணனிடம் பேனாவை நீட்டினேன். மனுஷனுக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"கூடப்பொறந்தவகிட்ட வாடகை வாங்குறேன்னு நான் கையெழுத்துப் போடணுமா? செத்துப்போன ஆத்தா எந்திரிச்சு வந்து வெளக்கமாத்தால அடிக்கும்!"

"ஆத்தா வந்தா நான் பேசிக்கிறேன், நீங்க போடுங்க" என்றாள் மதினி. போட்டார். அன்றைக்கு முழுவதும் என்னோடு பேசவில்லை.

சந்தையில் ஒரு மண் அடுப்பு வாங்கினேன். பேரம் பேசாமல் நான் வாங்கிய ஒரே பொருள் அதுதான். வீட்டுப் பின்கட்டில், ஜீப்பின் பழைய டயர் கிடந்த தகரச் சாய்ப்பைக் கூட்டி மெழுகி, அடுப்பை வைத்தேன். பற்ற வைக்கலாம் என்று தீப்பெட்டியை எடுக்கவும் மதினி ஓடி வந்தாள்.

"ஆடி நடக்குதுத்தா! ஆடியில யாராச்சும் புது அடுப்பு பத்த வைப்பாகளா? அதோட ஒரே கூரையில ரெண்டு அடுப்பு எரிஞ்சா, குடும்பம் ரெண்டாப் போச்சுன்னுல்ல அர்த்தம். வர்றவருக்கு அடுப்பு இருக்கணும், அவ்வளவுதானே? எரியணும்னு சொன்னாகளா?"

அவள் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. ஒரு பானையைக் கழுவி அடுப்பின் மேல் அழகுக்கு வைத்தேன். எப்போதும் போல மதினி அடுப்பில் ஆக்கி, ஆறு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

அதிகாரி வந்தபோது நான் கிட்டங்கியில் இருந்தேன். நடந்ததை என் மகள்தான் எனக்கு நடித்தே காட்டினாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு, வீட்டில் இருந்திருக்கிறாள். பையும் ஃபைலுமாக ஒருவர் வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மதினி நாற்காலி போட்டு உட்கார வைத்து, காப்பி கலந்து கொடுத்திருக்கிறாள். நம் வீட்டுக்கு ஒருவர் வந்தால் அது யாராக இருந்தாலும் முதலில் காப்பிதான், அதில் குற்றமில்லை. புது ஆள் வந்திருக்கிறாரே என்று எதிர்த்த வீட்டு அக்காவும் இன்னும் இரண்டு பேரும் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். அங்கேதான் வினை.

அதிகாரி ஃபைலைப் பிரித்து, "அவங்க தனியாத்தானேம்மா சமைக்கிறாங்க?" என்று கேட்டிருக்கிறார்.

வாசலில் மூன்று பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மதினி என்ன செய்வாள்? நெஞ்சை நிமிர்த்தி, "யாருய்யா சொன்னது தனியான்னு?" என்றிருக்கிறாள். "பதினோரு வருசமா என் கையாலதேன் சோறு. புருசன் விட்டுட்டு வந்த புள்ளைய அடுப்பைப் பிரிச்சு ஒதுக்குற குடும்பமாய்யா நாங்க? எங்க வந்து என்ன பேசுறீக?"

அவர் எழுந்து போய்ப் பின்கட்டைப் பார்த்திருக்கிறார். அடுப்பில் பொட்டுக் கரி இல்லை. அடுப்பு வாய்க்குள் எங்கள் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. இவர் குனிந்ததும் அது கெக்கெக்கென்று சீறியிருக்கிறது. "காப்பி நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் நான் வாசலில் செருப்பைக் கழற்றுமுன்னே மதினி பெருமையாகச் சொன்னாள். "ஆபீசரு வந்தாரு. உன்னை எம்புட்டு நல்லா வச்சிருக்கோம்னு புட்டுப் புட்டு வச்சேன். மனுசன் அசந்து போயிட்டாரு!" என் மகள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று தலையில் கை வைத்துக் காட்டினாள். இரண்டு நாளில் செல்போனுக்கு மெசேஜ் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தனிச் சமையல் இல்லை.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எனக்குப் பூசாரி வீட்டுக்குள்ளேயே இருந்தாள். நேராக அடுப்படிக்குப் போனேன். மதினி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"அந்த ஆளுகிட்ட எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன எப்படிச் சொல்ல? அந்த எதுத்த வீட்டுக்காரி நிக்கிறா. நாளைக்கே ஊரெல்லாம் போயி, நாத்தனாளை ஒதுக்கிட்டாள்னு தமுக்கடிப்பா. எனக்கு அந்தப் பேரு வேணுமா?"

"உன் பேரைக் காப்பாத்த, நான் ஆயுசு பூரா உன் சோத்தையே தின்னுக்கிட்டுக் கெடக்கணுமா?"

நீங்க என்பது நீ ஆகிவிட்டது. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அந்த வார்த்தையின் கனம் எனக்கே தெரிந்தது. மதினி தலையை நிமிர்த்தவில்லை. மாவில் இருந்த கையை எடுக்கவும் இல்லை. என் நாக்கை இழுத்து வைத்து அறுத்தால் என்ன என்று இருந்தது, ஆனால் மன்னிப்புக் கேட்கவும் வீம்பு விடவில்லை. மூன்று நாள் அவளும் நானும் என் மகள் மூலமாகப் பேசிக்கொண்டோம். "ஒங்கம்மாவைச் சாப்பிடச் சொல்லு." "ஒங்கத்தைகிட்ட அப்புறம் சாப்புடுறேன்னு சொல்லு." நடுவில் நின்ற அவள், "எனக்குச் சம்பளம் போட்டுக் கொடுங்க" என்று கேட்டாள்.

நான்காம் நாள் தாலுகா ஆபீசுக்குப் போனேன். காப்பி குடித்துப் போன அதே அதிகாரி இருந்தார். வயதானவர், கடுகடுப்பில்லாத முகம்.

"உங்க மதினி மாதிரி ஒருத்தர் இருந்தா உங்களுக்கு எதுக்கும்மா கார்டு?" என்றார்.

"அவுகளுக்கு மனசு இருக்கு சார். எனக்கும் கொஞ்சம் ரோசம் இருக்கணும்ல" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, பேனாவை மூடி வைத்தார். "பொய்யா எழுத முடியாதும்மா. நெசமாவே தனியா ஆக்கிச் சாப்பிடுங்க. ஒரு மாசம் போகட்டும், திரும்ப மனு போடுங்க. என்னிக்கு வருவேன்னு சொல்லமாட்டேன். அடுப்புல கோழி இருக்கக்கூடாது."

வீட்டுக்கு வந்தேன். மூன்று நாளுக்குப் பிறகு மதினி நேராக என்னிடம், "என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். சொன்னேன். "விடுங்க மதினி, வேணாம். எனக்கு ஒண்ணும் இப்ப குறைஞ்சு போகல" என்றும் சொன்னேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. அவள் முகத்தைப் பார்த்தால் எதுவும் தெரியவில்லை.

ஆவணி பிறந்து முதல் வியாழக்கிழமை. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பின்கட்டிலிருந்து மதினி கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் கோழியை முட்டையோடு கூடைக்கு மாற்றியிருந்தாள். அடுப்பில் மூன்று குமிழுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு செம்புப் பாலோடு நிற்கிறாள். எதிர்த்த வீட்டு அக்காவையும் வரச் சொல்லி நிறுத்தியிருக்கிறாள். அவளை எதற்குக் கூப்பிட்டாள் என்று எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை.

"பாத்துக்கக்கா" என்றாள் மதினி அவளிடம். "இன்னையிலருந்து நாங்க தனித்தனிதேன். நானேதேன் பத்த வச்சுக் கொடுக்குறேன். நீ போயி யாருகிட்ட சொல்லணுமோ வெரசாச் சொல்லிரு."

தீப்பெட்டியை என் கையில் கொடுத்தாள். முதல் குச்சி நமுத்துப்போய் உடைந்தது. இரண்டாவதில் பற்றியது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தபோது, எதிர்த்த வீட்டு அக்கா குலவை போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். மதினி, "பொங்குற பாலுக்கு என்னக்கா, போடு" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து போட்டார்கள்.

அந்த ஒரு மாசம் நான் ஆக்கிய சோற்றைப் பற்றி என் மகளிடம் கேட்டால் ஒரு பாடு கதை சொல்வாள். ஆறு பேருக்குக் காய் நறுக்கிப் பழகிய கை, இரண்டு பேருக்கு அளவு தெரியவில்லை. முதல் நாள் வைத்த ரசம் மூன்று நாள் வந்தது. பின்கட்டுப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதுகுழலோடு மல்லுக்கு நின்றேன். அண்ணன் மலையிலிருந்து இறங்கும்போது ஜீப்பு மேலே விறகுக்கு ஒரு கட்டுக் காப்பிக் குச்சி கட்டிக்கொண்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் சாய்ப்பு ஓரத்தில் போட்டுவிட்டுப் போவார். போகிறவர் அப்படியே கொஞ்ச நேரம் நிற்பார். எந்த அடுப்புப் பக்கம் உட்காருவது என்று அவருக்குக் குழப்பம். என் மகளுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. இரண்டு அடுப்பிலும் என்ன வேகிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு, வாசனை வருகிற பக்கம் தட்டைத் தூக்கிக்கொண்டு போவாள்.

உண்மையைச் சொன்னால், எனக்குப் பிடித்திருந்தது. என்ன குழம்பு வைப்பது என்று காலையில் நானே யோசிப்பது அவ்வளவு சுகமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மதினிக்குக் கருவாட்டு வாசம் ஆகாது. இரண்டாம் வாரமே நெத்திலிக் கருவாடு வாங்கி வந்து குழம்பு வைத்தேன். மதினி மூக்கைப் பொத்திக்கொண்டு, "தனிக்குடித்தனம் வச்சதுக்கு இதுதான் சீருன்னா சொல்லிட்டுச் செய்ய மாட்டியா?" என்று முன்வாசலுக்கு ஓடினாள். அண்ணன் மட்டும் ஓசைப்படாமல் ஒரு கிண்ணத்தோடு வந்தார்.

மதினியும் சும்மா இருக்கமாட்டாள். தினம் முந்தானைக்குள் மறைத்து ஒரு கிண்ணம் பொரியலோ குழம்போ கொண்டுவந்து வைத்துவிடுவாள். "மதினி, ஆபீசரு எந்த நேரம் வேணும்னாலும் வருவாரு, கொண்டு போங்க!" என்று விரட்டுவேன். "வந்தா வரட்டும். அவரு என்ன குழம்பை மோந்து பாக்கவா வர்றாரு?" என்பாள்.

அவர் மோந்துதான் பார்த்தார். இரண்டாவது மனு போட்டுச் சில நாள் போன பிறகு, மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் கிட்டங்கியிலிருந்து வந்திருந்த நேரம் வாசலில் வண்டிச் சத்தம். எதிர்த்த வீட்டு அக்கா கைவேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றாள். இன்னும் இரண்டு கதவு திறந்தது. அதிகாரி என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, மதினியிடம்தான் கேட்டார்.

"சொல்லுங்கம்மா. இப்ப எப்படி?"

மதினி நாற்காலி போடவில்லை. காப்பி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவரை நிற்கவைத்துப் பேசியது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பிரிஞ்சுட்டோம்யா. என் நாத்தனா தனியாத்தேன் ஆக்குறா. அவளுக்கு நான் சோறு போடுறதில்ல."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. நான் தரையைப் பார்த்தேன். அதிகாரி பின்கட்டுக்கு வந்தார். அடுப்பு கரியேறிக் கிடந்தது. சோற்றுப் பானையைத் திறந்தார், சோறு. பக்கத்தில் இருந்த கிண்ணத்தைத் திறந்து முகர்ந்தார். கத்தரிக்காய்க் குழம்பு. மதினி வீட்டு எவர்சில்வர் கிண்ணம். அதில் அண்ணன் பெயர் வெட்டியிருக்கும்.

"இது?" என்றார்.

மதினிதான் முன்னால் வந்தாள். "ஏய்யா, பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் குழம்பு கொடுக்கக்கூடாதுன்னும் உங்க சட்டத்துல இருக்கா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இல்லம்மா" என்று சொல்லி ஃபைலில் எழுதிக்கொண்டார். போகும்போது, "காப்பி இல்லைங்கிறப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றார்.

வண்டி போனதும் எதிர்த்த வீட்டு அக்கா, "கடைசில நீயும் சோறு போட மாட்டேன்னுட்டியா?" என்று கேட்டது எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. மதினி திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். பின்னாலேயே போனேன். "உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா மதினி? விடுங்க" என்றேன். "என் வாயாலயே சொல்ல வச்சுட்டியேத்தா" என்றாள். திட்டுகிற மாதிரி இல்லை, அழுகிற மாதிரியும் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்குச் சொன்ன வார்த்தைக்கு அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். "போடி இவளே" என்று கையை உதறினாள். சாயங்காலம் அண்ணனிடம் சொன்னபோது, "தாயும் பிள்ளையும்னாலும் வாயும் வயிறும் வேறதானப்பா. அவ மனசு நெறையட்டும்" என்று மதினியிடம் சொன்னார். அவ்வளவு நீளமாக அவர் பேசியதே பெரிது.

கார்டு வந்தது. படத்தில் நான் எதையோ திருடிவிட்டு அகப்பட்டவள் மாதிரி இருக்கிறேன். அண்ணன் அதை எட்ட வைத்து, "குடும்பத் தலைவர்" என்று வாசித்து, என் பெயரையும் வாசித்தார். மகள் அவர் கையிலிருந்து பிடுங்கித் தன் பெயர் எங்கே என்று தேடினாள். என் பெயருக்குக் கீழே இருந்தது.

ரேஷன் கடையில் விரல் வைக்கச் சொன்னார்கள். காய் பொறுக்கித் தேய்ந்த விரல், மெஷின் இரண்டு தடவை ஏற்கவில்லை. வரிசையில் பின்னால் நின்றவள் உச்சுக்கொட்டினாள். மூன்றாவது விரலுக்கு ஏற்றுக்கொண்டது. ஜீப்பில் கொண்டு வருகிறேன் என்று அண்ணன் சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. அரிசியைத் தலையில் வைத்து, கடைத்தெரு வழியாகவே நடந்து வந்தேன். கிட்டங்கி வாசலில் நின்ற பெண்கள், "என்னக்கா, கல்யாணமா?" என்று கேலி செய்தார்கள். "ஆமாடி, வந்துருங்க" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முன்வாசல் வழியாகச் சுற்றிப் போய், அண்ணன் வீட்டு நிலைப்படிக்கு வெளியே நின்று, முறையாகக் கூப்பிட்டேன். "அண்ணே, மதினி, புள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மத்தியானம் சாப்பிட நம்ம வீட்டுக்கு வாங்க." மதினிக்குச் சிரிப்பு. ஆனாலும் வரும்போது நல்ல சேலை கட்டி, வெறுங்கையோடு வரக்கூடாதென்று கால் கிலோ சர்க்கரையும் வாங்கிக்கொண்டு வந்தாள். பின்கட்டுக்கு வருவதற்குத் தெருவில் இறங்கி, சந்து வழியாகச் சுற்றி வந்தார்கள். அண்ணனும் பையன்களும் இடித்துப் பிடித்து உட்கார்ந்தார்கள். ரேஷன் அரிசிதான், இரண்டு தடவை களைந்து, பதமாக வடித்திருந்தேன். கோழிக்குழம்பு. அடைக்கு உட்கார்ந்த கோழி இல்லை, கடையில் வாங்கியது. "உப்பு ஒரு கல்லு கம்மி" என்று மதினி சொல்லிவிட்டு, கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

எல்லாரும் எழுந்த பிறகு நான் உட்கார்ந்தேன். மதினி போகவில்லை. "ஆக்குனவ தானே போட்டுத் திங்கக்கூடாது, நான் போடுறேன்" என்று கரண்டியை வாங்கிக்கொண்டாள். போட்டாள், சாப்பிட்டேன். இன்னொரு தடவை போட்டாள், அதையும் சாப்பிட்டுத் தட்டை நீட்டினேன். மூன்றாவது தடவை போட்டாள். நான் குழம்பை ஊற்றிப் பிசைந்து தின்றுவிட்டு மறுபடியும் தட்டை நீட்டினேன். மதினியின் கை கரண்டியோடு அப்படியே நின்றது.

"ஏத்தா... நீ இம்புட்டுச் சோறு திம்பியா?"

நீட்டிய தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

"அங்க ரெண்டு கரண்டிக்கே கையைக் குறுக்க நீட்டிப் போதும் போதும்பியே. உனக்கு வயிறே சின்னதுன்னுல்ல இத்தன வருசமா நெனச்சிருந்தேன்" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு மெல்ல விளங்கிவிட்டது. கண் நிறைந்தது. "பதினோரு வருசமாவாத்தா?"

"பட்டினி கெடந்தேன்னு நெனைக்காதீக மதினி. பசியெல்லாம் ஒண்ணுமில்ல. கொஞ்சம் நிறுத்திக்கிட்டேன், அம்புட்டுத்தேன்."

"கூறுகெட்டவளே" என்று கரண்டிக் காம்பால் என் தலையில் ஒன்று வைத்தாள். பானையைச் சாய்த்து, இருந்த சோற்றையெல்லாம் என் தட்டில் தள்ளினாள்.

"தின்னு."

தின்றேன்.